வெள்ளைப் பக்கம் மேலே

நேற்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டபோது நான் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். எங்கள் கொட்டகைக்கு வெளியே போர்வெல் குழாய்கள் அடுக்கிக் கிடக்கும். அவற்றை மூட, ஒரு பக்கம் படம் அச்சடித்த பழைய பிளக்ஸ் ஒன்று உண்டு. மழை வந்தால் அதை விரிப்பது என் வேலை. வேறு யாரும் தொடுவதற்கு முன்னால் நான் தொட்டுவிட வேண்டும் என்பதற்காகவே, இந்த நாலைந்து வருடமாக மேகம் கறுத்தால் எங்கே இருந்தாலும் ஓடிவந்துவிடுவேன். நேற்று நான் வருவதற்குள் அண்ணன் விரித்து முடித்திருந்தார். எப்போதும் மேலே இருக்கும் வெள்ளைப் பக்கம் கீழே போய், படம் மேலே வந்திருந்தது. வட்டங்களும், அவற்றை இணைக்கும் கோடுகளும், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தத் தடித்த சிவப்புக் கோடும் மழையில் நனைந்து, இன்றைக்குத்தான் அச்சடித்து வந்ததுபோல மினுங்கின. என் கால் நின்றுவிட்டது. கயிறு அறுந்து போருக்குள் மோட்டார் விழும்போது ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு அப்போது கேட்டது.

அந்தப் படத்தை வரைந்தவர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண்மணி. நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். வல்லத்திராக்கோட்டையில் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்குவதும், பழுதானால் தூக்குவதும் எங்கள் தொழில். ஊரில் அதைச் செய்கிறவர்கள் அண்ணனும் நானும் மட்டும்தான். மோட்டாரைத் தூக்கும் முக்காலி, சங்கிலி, வண்டி எல்லாம் அண்ணனுடையவை. வீடும் அண்ணன் பொறுப்பில்தான். பின்பக்க இரண்டு அறையில் நானும் என் மனைவியும் மகளும் இருக்கிறோம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரல் வராது. விலை பேசுவது, சண்டை போடுவது, சிரித்துப் பேசுவது எல்லாம் அண்ணன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் பார்த்தபடி நிற்பது நான். எங்களுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

மேடம் முதல்முறை வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தால் உள்ளே சட்டைப் பொத்தான்கள். வெள்ளை, பச்சை, கறுப்பு என்று கலந்து கிடந்தன. கூடவே ஒரு சிவப்பு நூல்கண்டு. விராலிமலைப் பக்கம் மோட்டார் தூக்கும் ஆட்களை அவர் அதற்கு முன்பே பார்த்திருந்தார். அங்கே அவருக்கு வைத்த பெயர் எங்களுக்கு முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது. “பொத்தான் தைக்கிற அம்மா ஒங்க ஊருக்கும் வருது மாப்ள, சட்டையக் கழட்டிக் குடுத்துரு” என்று ஒருவன் போனில் சொன்னான். அண்ணன் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். “ஏன் மேடம், இதுக்கெல்லாமா கவருமெண்டு சம்பளம் குடுக்குது?” மேடம் சிரித்துவிட்டார். “குறைச்சுத்தான் கொடுக்குறாங்கண்ணே” என்றார். அண்ணனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், எனக்கு மட்டும் வாங்கிவந்திருந்த டீயை அவருக்குக் கொடுக்கச் சொன்னார்.

தன் ஆராய்ச்சி என்னவென்று அவர் குழாய் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டே சொன்னார். ஒரு புது யோசனை ஓர் ஆளிடம் பிறக்கிறது. அது அடுத்த ஆளுக்கு எப்படிப் போகிறது, யார் வழியாகப் போகிறது, எங்கே போய் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதுதான் வேலையாம். அதற்கு எங்கள் கொக்கியை எடுத்துக்கொண்டிருந்தார். போருக்குள் மோட்டார் அறுந்து விழுந்துவிட்டால் அதைப் பிடித்து மேலே இழுக்க ஒரு கொக்கி இறக்குவோம். பழைய கொக்கி நழுவும். கொஞ்ச வருடத்துக்கு முன் ஒரு புதுக் கொக்கி வந்தது. அதற்கு மூன்று விரல். இறங்கும்போது விரிந்துகொள்ளும், இழுக்கும்போது இறுகிக்கொள்ளும். தெற்கே திருமயத்திலும் அது இருக்கிறது, வடக்கே விராலிமலையிலும் இருக்கிறது. எந்தக் கடையிலும் விற்பதில்லை, யாரும் விளம்பரம் செய்யவில்லை. பிறகு எப்படிப் போயிற்று? அதுதான் அவருடைய கேள்வி. அதைக் கேட்ட நிமிடத்திலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். என் வழியாகத்தான் போயிற்று.

அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கொக்கியைச் செய்தவர், இரும்பு கடையும் பட்டறை வைத்திருக்கிற திருமயத்து லேத்துக்காரர். எங்கள் அக்காவுக்கும் அவருடைய தம்பிக்கும் ஒரு காலத்தில் நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் அந்த வீட்டார் காரணம் சொல்லாமல் கல்யாணத்தை நிறுத்தினார்கள். வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்த அப்பா, அதே வீடுகளுக்குத் திரும்பப் போய்க் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து படுத்தார். எழுந்திருக்கவில்லை. அக்கா பிற்பாடு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஆனால் அப்பாவைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த அன்று அண்ணன் சொன்னது மாறவேயில்லை. “அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சவன் இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. அது எங்கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி.” அண்ணனுக்குக் கூடப் பிறந்த ஆண் நான் ஒருவன்தான்.

நான் மிதித்தேன். கடலை பூவிட்டிருந்த நேரத்தில் ஒரு விவசாயியின் போரில் மோட்டார் விழுந்துவிட்டது. அண்ணன் முயன்று பார்த்துவிட்டுக் கை விரித்தார். அந்த மனிதர் எங்களைத் திட்டவில்லை. வரப்பில் உட்கார்ந்து செடியைத் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியாமல், சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருமயம் பஸ் ஏறினேன். அந்த லேத்துக்காரர் கை வைத்தால் எதையும் செய்துவிடுவார் என்று ஊர் ஊராகப் பேச்சு. பட்டறை வாசலில் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ பெரியவரோட சின்ன மகன்தான?”

“ஆமாங்க.”

“ஒங்கண்ணனுக்குத் தெரியுமா, இங்கிட்டு வந்தது?”

“தெரியாதுங்க.”

அவர் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு, “எத்தன அடி ஆழம்?” என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. அன்று பிறந்ததுதான் அந்த மூன்று விரல் கொக்கி. திருச்சியில் வாங்கினேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா அடிச்சிருக்கான்” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அதன்பின் விரல் தேய்ந்தால் நான் போவேன். விராலிமலைக்காரர்கள் ஒரு குறை சொன்னால் அதை லேத்துக்காரரிடம் போனில் சொல்வேன். அவர் மாற்றிக் கொடுப்பதை இவர்களுக்குக் காட்டுவேன்.

அண்ணன் டீசல் வாங்கப் போயிருந்த ஒரு பொழுதில் மேடம் என் முன்னால் அட்டையை விரித்தார். “நடுவுல உங்களுக்கு ஒரு பொத்தான் வையுங்க. யார்கிட்ட யோசனை கேப்பீங்களோ அவங்களுக்கு ஒண்ணொண்ணு வையுங்க. அடிக்கடி பேசுற ஆளா இருந்தா நூலை நிறைய சுத்துங்க. பேர் எங்கயும் வராது.” அவருடைய குரலில் அவசரமே இல்லை. என்னிடம் யாரும் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. விராலிமலைக்குப் பச்சைப் பொத்தான்கள் வைத்தேன். பிறகு தூரத்தில், அட்டையின் ஓரத்தில், ஒரு கறுப்புப் பொத்தானை வைத்தேன். நூலைச் சுற்றத் தொடங்கினேன். நிறுத்த வரவில்லை. இத்தனை நாள் ஒருவரிடமும் சொல்லாததை என் விரல் சொல்லிக்கொண்டிருந்தது. மேடம் நூல்கண்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு அவர் வெகுநாள் வரவில்லை. வந்தபோது சந்தோஷமாக வந்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். “இது பல்கலைக்கழகத்து அலமாரியில கிடக்கக் கூடாதுண்ணே. யார் சொன்னாங்களோ அவங்களுக்குத்தான் முதல்ல தெரியணும்.” விராலிமலையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார். மோட்டார்க்காரர்கள், லேத்துக்காரர்கள், விவசாயிகள், எல்லாரையும் அழைத்துப் படத்தைக் காட்டப் போகிறார். அதன் சிறிய நகல் ஒன்றை என் கையில் கொடுத்தார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் பயமும் எழுத்து எழுத்தாக வந்தது. வடக்கே ஒரு கூட்டம் வட்டங்கள், தெற்கே ஒரு கூட்டம். ஒருவர் பெயரும் இல்லை. ஊரும் தொழிலும் மட்டும் இருந்தன. ‘வல்லத்திராக்கோட்டை, மோட்டார்’ என்று இரண்டு வட்டம். அவற்றில் ஒன்றிலிருந்து தடியான சிவப்புக் கோடு ஒன்று கிளம்பி, காகிதத்தையே இரண்டாகப் பிளந்துகொண்டு போய், ‘திருமயம், லேத்’ என்ற வட்டத்தில் முட்டி நின்றது.

எங்கள் ஊரில் இரண்டு பேர். ஒருவர் அண்ணன். திருமயத்தோடு பேச்சில்லாத வட்டம்தான் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். மிச்சம் யார்?

அப்போதே சொல்லியிருக்கலாம். மேடம் அவ்வளவு மலர்ச்சியாக நின்றார், அண்ணனும் பக்கத்திலேயே நின்றார். நகலை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணன், “மதியச் சாப்பாடு உண்டுங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டு, இரண்டு பேரும் வருவோம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நகலை அடுப்பில் போட்டேன். போட்டதும், மண்டபத்தில் தொங்கப் போவது நினைவுக்கு வந்தது. மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் அறையைப் பார்ப்பேன். சுவர், சன்னல், அவள் பையை மாட்டும் ஆணி. இதையெல்லாம் விட்டுவிட்டு எந்த ஊரில் போய், யாரிடம் வேலை கேட்பது? மனைவியிடமும் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

அன்றைக்கு அண்ணன் வண்டியில் வருவதாக இருந்தார். ஒத்தாசைக்கு மேடம் கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டு நான் முதல் பஸ்ஸிலேயே கிளம்பினேன். வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அந்த வாக்கியம் போய்விட்டது. மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு படம் தொங்கியது. நகலில் விரல் பருமன் இருந்த கோடு இங்கே என் கை பருமன் இருந்தது. மேடம் நாற்காலியில் ஏறி நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா வந்திருக்குல்லண்ணே?”

“மேடம், எங்க ஊர்ல மோட்டார் தூக்குறது நாங்க ரெண்டு பேருதான்.”

“ஆமா.” அவர் சிரித்துக்கொண்டே முடிச்சை இறுக்கினார்.

“திருமயத்துல கொக்கி அடிக்கிற லேத்து ஒண்ணுதான் மேடம்.”

அவருடைய கை நின்றது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “பேர் போடலையே...” என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார். நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கினார்.

“உங்க அண்ணனுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

“தெரிஞ்சா பெருசாகுமா?”

“வீடு இருக்காது மேடம்.”

வெளியே மலைப்பக்கம் மயில் கத்திக்கொண்டே இருந்தது. மேடம் முகத்தில் நிறமே இல்லை. எனக்கு மட்டும்தான் பயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். “இந்தக் கோடுதாண்ணே என் ஆராய்ச்சி” என்றார். குறையாகச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. “இதை எடுத்துட்டா படம் ரெண்டு துண்டு.” அப்புறம் கையை நீட்டினார். “கத்தி வச்சிருக்கீங்களா?” நைலான் கயிறு அறுக்கும் கத்தி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். கொடுத்தேன். நாற்காலியில் ஏறி, தான் கட்டிய முடிச்சுகளைத் தானே அறுக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய துறைத் தலைவர் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். “என்னம்மா பண்றீங்க? பத்திரிகைக்காரங்க வந்துட்டிருக்காங்க.”

“படத்துல ஒரு தப்பு இருக்கு சார். என் தப்பு.”

“பேர்கூட இல்லாத படத்துல என்ன தப்பு?”

“அதான் சார் தப்பு. பேர் இல்லன்னா யாருன்னு தெரியாதுன்னு நினைச்சேன்.”

அவர் குரலை உயர்த்தினார். இத்தனை செலவு, இத்தனை அழைப்பு, படம் இல்லாமல் எதைக் காட்டுவது என்று வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். மேடம் அறுத்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கயிறு விட்டதும் பிளக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கி, பிறகு மொத்தமாக மேடையில் விழுந்தது. அது சரிந்துகொண்டிருந்தபோது நான் வாசலைப் பார்த்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றியபடி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதைப் பார்த்தார், எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. “சாப்பாடு எங்க போடுறாங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேடம் வெறும் சுவருக்கு முன்னால் நின்று பேசினார். படம் காட்டுவதாகக் கூப்பிட்டுவிட்டுக் காட்டாததற்கு மன்னிப்புக் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவன், “படம் இல்லாட்டி என்ன மேடம், பாயசம் உண்டுல்ல?” என்றான். மண்டபமே சிரித்தது. துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

“உண்டு. ஆனா இதைக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க” என்றார் மேடம். “வடக்க இருக்கிற நீங்க எல்லாம் உங்களுக்குள்ள பேசிக்கிறீங்க. தெற்க இருக்கிறவங்க அவங்களுக்குள்ள பேசிக்கிறாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வழியாத்தான் புதுசு எதுவும் போகுது, வருது. அது எந்த வழின்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்ல. அந்த ஒரு வழி அடைச்சுக்கிட்டா உங்க எல்லாருக்கும் நஷ்டம். இத்தனை பேருக்கானதை ஒரே வழி சுமக்கிறது நியாயமும் இல்ல. அதனால இன்னைக்குப் பந்தியில இதுவரைக்கும் பேசாத ஒருத்தர் பக்கத்துல உட்காருங்க.”

அவர் என் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அண்ணன் என் காதுக்கருகில் குனிந்து, “எந்த வழியச் சொல்லுது அந்தம்மா?” என்றார்.

“தெரியலண்ணே” என்றேன்.

பந்தியில் திருமயத்து லேத்துக்காரர் எங்களுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தார். அண்ணன் இலையைப் பார்த்தே சாப்பிட்டார், பாதியில் எழுந்துவிடுவாரோ என்று நான் ஒவ்வொரு வாயாக எண்ணிக்கொண்டிருந்தேன். எழவில்லை. கை கழுவும் இடத்தில் லேத்துக்காரர் எனக்கு அடுத்த குழாயில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டாவது வெரலு தேஞ்சிருக்கும், கொண்டா” என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பினால் எனக்குப் பின்னால் வரிசையில் அண்ணன். கேட்டாரா என்று அதுவும் தெரியவில்லை.

கிளம்பும்போது அண்ணன் சொன்னதுதான் அன்றைய நாளிலேயே என்னை மிகவும் நடுங்கவைத்தது. “டேய், அந்தப் பிளக்ஸு சும்மாத்தான கெடக்கு? கேட்டு வாங்கிட்டு வா. கொழாய மூட ஆகும்.” எங்கள் பக்கத்தில் எந்த விசேஷம் முடிந்தாலும் முதலில் கை வைப்பது பிளக்ஸில்தான். ஆட்டுக் கொட்டகை, விறகு, நெல் மூட்டை, எல்லாவற்றின் மேலும் யாராவது ஒரு மாப்பிள்ளை கும்பிட்டபடி கிடப்பார். அண்ணன் கேட்டதில் அதிசயம் இல்லை. நான் போய் மேடம் முன்னால் நின்றேன். மேடையில் தனியாக உட்கார்ந்து பொத்தான்களை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் டப்பாவை மூடி வைத்தார். பிறகு அவரே பிளக்ஸைச் சுருட்டி, நூலால் கட்டி, என் தோளில் வைத்தார். “வெள்ளைப் பக்கத்தை மேல போடுங்கண்ணே” என்றார்.

ஒருமுறை போனில் பேசினார். புத்தகமாக எழுதும்போது இரண்டு ஊரின் பெயரையும் தொழிலையும் மாற்றிவிட்டதாகவும், படத்தில் அந்தக் கோடு மட்டும் அப்படியே இருக்கலாமா என்றும் கேட்டார். அனுமதி கேட்டு எனக்கு வந்த போன் அது ஒன்றுதான். சரிங்க மேடம் என்றேன், பின்னால் அண்ணன் நடக்கும் சத்தம் கேட்டு உடனே வைத்துவிட்டேன். அப்புறம் அவர் வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டார் என்று விராலிமலையில் சொன்னார்கள். மண்டபத்தில் நடந்ததற்காக அவருக்கு அங்கே என்னென்ன வந்ததோ, எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் துணிந்து போட்டபோது அந்த எண் வேலை செய்யவில்லை. அவர் சொன்னபடி வெள்ளைப் பக்கத்தை மேலே போட்டு வந்தேன். ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு காற்றுக்கும், ஓரம் தூக்கிக்கொள்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்தேன். வெயில் படாததால் உள்பக்கத்தில் சிவப்பு மங்கவேயில்லை.

நேற்று அதுதான் மழையில் மினுங்கியது. கொட்டகைக்குள் ஒரு விவசாயி மழைக்கு ஒதுங்கியிருந்தார். தன் போரைப் பார்க்க எங்களைக் கூப்பிட வந்தவர். நான் நனைந்துகொண்டு நிற்க, அவர் எட்டிப் பார்த்து அண்ணனிடம் கேட்டார்.

“என்னங்க இது, வட்டம் வட்டமா? மேப்பா?”

அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தார். பிறகு கொட்டகையை விட்டு வெளியே வந்து, குனிந்து, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். வடக்கிலிருந்து தெற்கே மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.

“இதா? இது எந்தம்பி திருமயம் போற ரோடு.”

“இம்புட்டுத் தடியாவா?”

“அடிக்கடி போறான்ல.”

விவசாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சும்மா சிரித்தார். அண்ணன் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. “நான் போறதில்ல” என்று மட்டும் சொன்னார். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இப்போதும் இல்லை. கொக்கியைப் புரட்டிப் பார்த்தாரே, அன்றைக்கா? செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாரே, அன்றைக்கா? இத்தனை மழைக்கும் நான் ஓடிவந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாரா? பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் நான் சொல்லச் சொல்ல மகள் இதை எழுதும்போது இரண்டு ஊரின் பெயரையும் மாற்றாமல் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். மேடம் எங்காவது இருந்து படித்தால், இனி மறைக்க வேண்டியதில்லை என்று அவருக்குப் புரியும்.

“என்னடா பேயறஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் அண்ணன். “மூலைக்கு ஒரு கல்லத் தூக்கி வையி. காத்துல திரும்பிக்கும்.”

நாலு கல் தேடி எடுத்து வந்தேன். கோட்டின் மேல் படாமல் வைத்தேன்.